எவ்வளவு கொடுத்தாங்கண்ணே?

செம்பனைக் குலை, அதாவது எண்ணெய்ப் பனைக் குலை, திருடிய வழக்கில் மாட்டியிருந்த ஒரு பையனை கோர்ட்டு விட்டுவிட்டது. மறுநாள் காலையில் நான் கடை திறந்ததும் வந்தவர்கள் கேட்டது ஒரே கேள்விதான்: "எவ்வளவு கொடுத்தாங்கண்ணே?" அவன் எடுத்தானா இல்லையா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எடுத்தான் என்றே முடிவுகட்டிக்கொண்டு, விலையை மட்டும் தெரிந்துகொண்டு போக வந்திருந்தார்கள்.

எனக்கு மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஒரு சின்ன போட்டோஸ்டாட் கடை. அதற்கு முன்னால் பக்கத்துத் தோட்டமொன்றில் சின்னக் கிராணியாக, அதாவது ஆபீஸ் எழுத்தராக இருந்தேன். தோட்டம் கைமாறியபோது வேலை போனது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. பெரியவர்கள் இன்னும் "கிராணி" என்றுதான் கூப்பிடுகிறார்கள். மலாயில் கடிதம் அடிக்கத் தெரியும், பாரம் நிரப்பத் தெரியும் என்பதால், சம்மன் வந்தவர்களும் மகனை பாலாய்க்கு (போலீஸ் நிலையத்துக்கு) கொண்டுபோய்விட்டார்கள் என்று அழுதுகொண்டு வருபவர்களும் முதலில் என் கடைப்படிதான் ஏறுவார்கள். நான் லோயர் இல்லை. கூடப் போய் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்ததையும், உட்கார்ந்த இடத்தில் லோயர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்தக் குலை வழக்கு. ராத்திரி தோட்டத்து மண்சாலையில் குலை ஏற்றிய சின்ன லோரி ஒன்றை ஜாகா, தோட்டத்துக் காவலாளி, மடக்கினார். லோரியில் இருவர். கொஞ்சம் பின்னால் மோட்டார் சைக்கிளில் இந்தப் பையன். "கூட்டாளி பெட்ரோல் முடிஞ்சு போச்சுன்னு கூப்பிட்டான், வாங்கிட்டுப் போனேன்" என்பது இவன் சொன்னது. "பின்னாடி ஒருத்தன் மோட்டார்ல நோட்டம் பார்த்துக்கிட்டு வர்றது எப்பவும் நடக்கிறதுதானே" என்பது தோட்டத்து மேற்பார்வையாளரான மண்டோர் சொன்னது. இரண்டையும் நம்பலாம். எது உண்மை என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பையனின் அம்மா பஸ் ஸ்டேஷன் பக்கம் ஒட்டுக்கடை போட்டு நாசி லெமாக்கும் வடையும் விற்கிறவர். அவரை உலுக்கியது திருட்டுப் பழி இல்லை, லொக்காப், போலீஸ் காவல் அறை. 2009இல் குகன் என்ற இளைஞர் போலீஸ் காவலில் இறந்த செய்தி எங்கள் பக்கத்துத் தாய்மார்களை விட்டு இன்னும் போகவில்லை. 2013இல் உயர் நீதிமன்றம் அந்தக் குடும்பத்துக்கு இழப்பீடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்ததை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டால், கைவிரல் போதும். பயம் தங்குகிற அளவுக்குத் தீர்ப்பு தங்குவதில்லை.

அந்த அம்மாவிடம் அன்றைக்குச் சொன்னதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். ஒருவரைப் பிடித்தால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். இது அரசியலமைப்புச் சட்டத்தின் 5ஆவது பிரிவிலேயே இருக்கிறது. அதிகபட்சத் தண்டனை 14 ஆண்டுக்குக் குறைவான குற்றமாக இருந்தால் ரிமாண்டு முதலில் 4 நாள், மறுபடி கேட்டால் 3 நாள், அவ்வளவுதான். குற்றவியல் சட்டம் 379இன்படி திருட்டுக்கு அதிகபட்சம் 7 ஆண்டு. ஆகவே ஒரு வாரத்துக்கு மேல் அதே வழக்குக்காக வைத்திருக்க வழியில்லை. வேறு பாலாயில் வேறு ரிப்போர்ட்டைக் காட்டி மறுபடி முதலிலிருந்து தொடங்குவதும் உண்டு. அதைச் சங்கிலி ரிமாண்டு என்பார்கள். அதனால் விசாரணை அதிகாரியின் பெயரையும் ரிப்போர்ட் எண்ணையும் முதல் நாளே எழுதி வாங்கிவிட வேண்டும். பிடிபட்டவருக்குச் சொந்தக்காரரையும் லோயரையும் கூப்பிட உரிமை உண்டு. லோயருக்குக் காசில்லை என்றால் தேசியச் சட்ட உதவி அறவாரியம் இருக்கிறது. 2012இலிருந்து ரிமாண்டு நேரத்திலேயே வந்து நிற்கிறார்கள். பலருக்கு இது தெரியாது. தெரிந்தவர்களோ "ஓசி லோயர் என்னத்தப் பேசப் போறான்" என்கிறார்கள். அன்றைக்கு வந்தது ஒரு சின்னப் பெண். ரிமாண்டு நாளைக் குறைக்கச் சொல்லி மாஜிஸ்திரேட்டிடம் அவள் பேசியது இரண்டு நிமிடம்கூட இருக்காது. ஆனால் வெளியே வந்து அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, உள்ளே என்ன நடந்தது, அடுத்து என்ன நடக்கும் என்று தமிழில் சொன்னாள். அன்றைக்குத்தான் அந்த அம்மா பசியாறினார்.

ரிமாண்டு முடிந்து மூவர் மீதும் குற்றம் சுமத்தினார்கள். கோர்ட்டு வராந்தாவை ஒருமுறை பார்த்தால்தான் எங்கள் சனம் ஏன் இப்படிப் பேசுகிறது என்று புரியும். ஒன்பது மணிக்கு வரச் சொல்வார்கள். எட்டரைக்கே போய்விட வேண்டும், பெயர்ப் பட்டியல் போர்டில் ஒட்டியிருக்கும். சிலிப்பர் போட்டால் உள்ளே விடமாட்டார்கள். அதனால் பையன் போட்டிருந்தது மாமாவின் சப்பாத்து. இரண்டு சைஸ் பெரிசு, நடக்கும்போது டக் டக்கென்று சத்தம் வரும். பதினொன்றரை வரை பெஞ்சில் காத்திருப்பு. கூப்பிட்டதும் ஓடினால், உள்ளே தாழ்ந்த குரலில் லோயரும் டிபிபியும் (அரசாங்கத் தரப்பு வக்கீல்) மாஜிஸ்திரேட்டும் ஏதோ பேசிக்கொள்வார்கள், ஒரு தேதி விழும், வெளியே வந்துவிடலாம். "என்ன சொன்னாங்க?" "தேதி போட்டிருக்காங்க." இதற்காக ஒரு நாள் சம்பளம் போகிறது. நம் கண் முன்னால் நடந்தும் நமக்குப் புரியாத காரியத்தை நாம் என்னவென்று நினைப்போம்? உள்ளே பேசி முடித்துவிட்டார்கள் என்றுதான்.

லோரியில் இருந்த இருவரும் அன்றைக்கே குற்றத்தை ஒத்துக்கொண்டார்கள். அபராதம் கட்டினார்கள், வீட்டுக்குப் போனார்கள். இவனையும் வராந்தாவில் நின்ற ஒருவர், அவர் யாருக்கும் லோயர் இல்லை, சும்மா நிற்கிறவர், "ஒத்துக்க தம்பி, இன்னிக்கே முடிஞ்சிடும்" என்று நச்சரித்தார். அந்தச் சின்னப் பெண் லோயர்தான் குறுக்கே வந்து தடுத்தாள். அவசரப்பட்டு ஒத்துக்கொள்ளும் பையன்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு வீட்டுக்குப் போவது ஒன்றுதான் கண்ணில் தெரியும். குற்றப்பதிவு கூடவே வரும் என்பது, ஃபேக்டரி வேலைக்கோ சிங்கப்பூருக்கோ மனுப் போடும்போதுதான் உறைக்கும். லோயர் இல்லாமல் நிறுத்தினால், "லோயர் பார்க்க அவகாசம் வேண்டும்" என்று கேட்கலாம், கேட்டால் கொடுக்கிறார்கள். ஒத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று புரிந்துதான் ஒத்துக்கொள்கிறானா என்பதைப் பார்ப்பது மாஜிஸ்திரேட்டின் கடமை. புரியாவிட்டால் தலையாட்டாமல், புரியவில்லை என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். அந்த வாயைத் திறக்கத்தான் எங்கள் பிள்ளைகளுக்கு வருவதில்லை.

ஊர் என்ன சொன்னது தெரியுமா? ஒத்துக்கொண்ட இருவரும் நல்லவர்கள், "தப்பு பண்ணினான், கட்டினான், முடிஞ்சுது". ஒத்துக்கொள்ளாதவன் அழுத்தக்காரன்.

ஜாமீன் காசைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதைக் கோர்ட்டுக்குக் கொடுத்த காணிக்கை மாதிரி நினைத்து, ரசீதைக்கூடத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு. தவறாமல் ஆஜரானால், வழக்கு முடிந்ததும் கட்டியவருக்கே திரும்பி வருகிற காசு அது. இந்த அம்மா தாலிக்கொடியை பஜாக் கடையில், அடகுக் கடையில் வைத்துத்தான் கட்டினார். "ஏழாயிரம் கொடுத்து மகனை எடுத்தாங்க" என்று பசாரில் பேச்சு கிளம்பியது. கட்டியது அதில் பாதிகூட இல்லை. ஊர் வாயில் தொகை இரட்டிப்புக்கு மேலாகி, ஜாமீன் லஞ்சமாக மாறியிருந்தது. ரசீதை இரண்டு நகல் எடுத்து ஒன்றைக் கடையிலேயே வைத்திருந்தேன். கேட்டவர்களிடம் காட்டியும் பார்த்தேன். காகிதத்தைப் பார்த்துவிட்டு, "இது கணக்குக்கு, அது தனி" என்றார் ஒருவர். அவரை என்ன செய்ய!

விசாரணை நாள் வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. முதல் சாட்சியாக மண்டோர் ஏறினார். நல்ல மனிதர், முப்பது வருடச் சர்வீஸ், கோவில் கமிட்டியிலும் இருக்கிறார். கீதை மேல் கை வைக்கச் சொல்வார்கள் என்று சினிமா பார்த்து நினைத்துக்கொண்டு, குளித்துத் திருநீறு பூசி வந்திருந்தார். உறுதிமொழி வாசகத்தைச் சொன்னால் போதும் என்றதும் அவருக்கு முகம் விழுந்துவிட்டது. எங்கள் முனியாண்டி கோவிலில் சூடம் அடித்துச் சத்தியம் செய்தவன் பொய் சொன்னால் வீடு திரும்பமாட்டான் என்று நம்புகிறவர் அவர். வெறும் வாசகத்துக்கு யார் பயப்படுவார்கள் என்பது அவர் கணக்கு. சாட்சி தமிழில் சொல்லலாம், மொழிபெயர்ப்பாளர் இருந்தார், அதில் குறையில்லை. பேச்சைத் தொடங்கினார்: "இவன் அப்படிப்பட்டவன்னு தோட்டம் பூரா சொல்றாங்க. இவன் மாமாவே ஒரு தடவை..." லோயர் எழுந்தார். மாஜிஸ்திரேட் நிறுத்தச் சொன்னார். நீங்கள் கண்ணால் பார்த்தது என்ன என்று கேட்டார். அவர் அந்த ராத்திரி அங்கே இல்லை, ஜாகா போன் செய்த பிறகுதான் போனார். அத்தோடு அவர் சாட்சி முடிந்துவிட்டது.

வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு உதடு நடுங்கியது. "உண்மைய சொல்ல வந்தா வாய மூடுன்னு சொல்றாங்க கிராணி. அப்புறம் எதுக்குக் கூப்பிட்டாங்க?" அடுத்தவர் சொன்னதைக் கொண்டுவந்து சாட்சியாக வைக்க முடியாது, அதைச் சொன்னவரே வந்தால்தான் குறுக்குக் கேள்வி கேட்க முடியும், உங்களைப் பற்றி ஊர் சொன்னதை வைத்து உங்களை உள்ளே தள்ளினால் ஒத்துக்கொள்வீர்களா என்று கேட்டேன். யோசித்தார். ஒத்துக்கொள்ளவில்லை. இருந்தாலும் சாட்சிக்குப் போகிறவர்களுக்கு இதை முன்கூட்டி யாராவது உட்காரவைத்துச் சொல்லியிருக்கலாம். பார்த்தது, கேட்டது, தொட்டது, அதுவும் நீங்களே. மற்றது வேண்டாம். தெரியாததற்குத் தெரியாது என்று சொன்னால் யாரும் கோபிக்கமாட்டார்கள். இந்த நாலு வரியைத் தெரிந்துகொண்டு கூண்டில் ஏறியிருந்தால் அவருக்கு அந்த அவமானம் இருந்திருக்காது.

கண்ணால் பார்த்தவர் அந்த நேப்பாளி ஜாகா ஒருவர்தான். அவர் கான்ட்ரெக்ட் முடிந்து ஊருக்குப் போய்விட்டார். டிபிபி தேதி கேட்டார், கிடைத்தது; மறுபடி கேட்டார், மாஜிஸ்திரேட் மறுத்துவிட்டார். பையனுக்கு டிஎன்ஏஏ. வழக்கிலிருந்து விடுவிப்பு, ஆனால் நிரபராதி என்று சொல்லவில்லை. அரசாங்கத் தரப்பு விரும்பினால் மறுபடி குற்றம் சுமத்தலாம்.

டிஎன்ஏஏ என்றால் என்ன என்று எங்கள் பசாரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2023 செப்டம்பரில் துணைப் பிரதமர் அகமட் சாஹிட் ஹமிடி மீதிருந்த 47 குற்றச்சாட்டுகளில் டிஎன்ஏஏ கிடைத்த நாளிலிருந்து பால்மரக் காட்டுப் பாட்டிக்கும் அந்த நாலெழுத்து தெரியும். வழக்கைத் தொடர்வதும் நிறுத்துவதும் சட்டத்துறைத் தலைவரின் அதிகாரம் என்று அரசியலமைப்பின் 145ஆவது பிரிவு சொல்கிறது. அது தெரிந்தால் சந்தேகம் இன்னும் கூடத்தான் செய்யும். ஆகவே பையனுக்கும் அதே நாலெழுத்து வந்ததும், பெரிய இடத்தில் என்ன நடந்ததாக நினைக்கிறார்களோ அதையே இவன் மேலும் போட்டுவிட்டார்கள். நாசி லெமாக் விற்கிற அம்மாவுக்கு யாரை விலைக்கு வாங்க வசதி இருக்கிறது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. இங்கே நடந்தது, பார்த்தவர் இல்லாமல் போனார் என்பதுதான்.

இந்தச் சந்தேகத்தை வெறும் அறியாமை என்று தள்ளுகிறவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. 1988இல் தலைமை நீதிபதி சாலே அபாஸையே பதவியிலிருந்து நீக்கிய நாடு இது. 2007இல் ஒரு வக்கீல் போனில் நீதிபதி நியமனம் பேசுவதாகச் சொல்லப்பட்ட வீடியோ வெளியாகி, அடுத்த வருடம் அரச விசாரணை ஆணையமே உட்கார்ந்தது. எங்களுக்கு அதைவிட நெருக்கமானது ஈப்போவைச் சேர்ந்த இந்திரா காந்தி என்ற தாயின் வழக்கு. தாயைக் கேட்காமல் தந்தை தனியாகப் பிள்ளைகளுக்குச் செய்த மதமாற்றம் செல்லாது என்று 2018 ஜனவரியில் கூட்டரசு நீதிமன்றமே சொல்லிவிட்டது. அதைவிடப் பெரிய கோர்ட்டு இந்த நாட்டில் இல்லை. தீர்ப்பு வந்து வருடக்கணக்காகியும் தந்தை கொண்டுபோன கடைசி மகள் தாயின் கைக்கு வந்து சேரவில்லை. "ஜெயிச்சு என்ன பிரயோசனம்?" என்று கேட்கிறவருக்கு என்னிடம் பதில் இல்லை. நீதிபதி எழுதியதும் வாசலுக்கு வருவதும் வேறு வேறு ஆட்களின் கையில் இருக்கின்றன என்று விளக்கலாம். விளக்கினால் அந்தத் தாய்க்கு என்ன?

ஆனால் அந்தக் காலத்துத் தோட்டத்துப் பஞ்சாயத்தே மேல் என்று சொல்கிறார்களே, அதையும் விடமாட்டேன். ஆபீஸ் முன்னால் கூட்டம், கிராணி ஒரு நாற்காலி, கங்காணி மாதிரியான தண்டல் ஒரு நாற்காலி, பொழுது சாய்வதற்குள் தீர்ப்பு. எல்லோர் காதிலும் விழும், எல்லோருக்கும் புரியும். அதுவரை சரி. ஆனால் லயத்து வீட்டுக்கு இருவர் போட்டிபோட்டால் புருஷன் இல்லாதவளுக்கு வீடு போகாது. அவளைக் கூப்பிட்டுக் கேட்கவும் மாட்டார்கள், அண்ணனோ மச்சானோ வந்து பேசுவான். அந்த நாற்காலிகளுக்குப் பின்னால் நோட்டுப் புத்தகத்தோடு நின்றவன் நான். நியாயம் சீக்கிரம் கிடைத்தது என்பதும் நியாயம் கிடைத்தது என்பதும் ஒன்றில்லை.

திருப்தியோடு வெளியே வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். பால் வெட்டி முதுகு வளைந்த ஆயா ஒருவர், தோட்டம் ஆளைக் குறைத்தபோது பணிநீக்கச் சலுகை சரியாகக் கொடுக்கவில்லை என்று தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனார். 1980ஆம் ஆண்டு விதிமுறைப்படி சர்வீஸ் ஐந்து வருடமோ அதற்கு மேலோ இருந்தால் வருடத்துக்கு 20 நாள் சம்பளம், இரண்டு முதல் ஐந்து வருடத்துக்குள் என்றால் 15 நாள், அதற்குக் கீழே 10 நாள். நடுவில் கான்ட்ரெக்டர் கீழே வேலை செய்த காலத்தைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதுதான் சண்டை. அதிகாரி மேசைக்கு எதிரே உட்காரவைத்து, எத்தனை மணிக்கு மஸ்டர் (காலைப் பெயர்க் கணக்கெடுப்பு), யார் பெயர் கூப்பிட்டார்கள், சம்பளத்தை யார் கையிலிருந்து வாங்கினீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஆயா தன் முதல் பிள்ளை பிறந்த கதையிலிருந்து ஆரம்பித்தார். அவர் தடுக்கவில்லை. முடிந்ததும், எந்த வருடங்களைச் சேர்க்க முடியும், எவற்றைச் சேர்க்க முடியாது, ஏன் என்று எழுதிக் காட்டினார். ஆயாவுக்குக் கிடைத்தது கேட்டதைவிடக் குறைவு. பஸ்ஸில் திரும்பும்போது, "நல்ல மனுசன், முழுசாக் கேட்டாரு" என்று வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். பழைய சம்பளச் சீட்டுகளை பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்ததுதான் அவரைக் காப்பாற்றியது. சீட்டு இல்லாதவர்களுக்கு ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) கணக்கு அறிக்கை ஓரளவு கைகொடுக்கும்.

சட்டம் படிக்கிற என் மகளிடம் இதைச் சொன்னபோது, டாம் டைலர் என்ற அமெரிக்க ஆய்வாளர் சிகாகோ மக்களிடம் கேட்டு இதையேதான் எழுதியிருக்கிறார் என்றாள்: முடிவு எனக்குச் சாதகமா என்பதைவிட, என்னைப் பேசவிட்டார்களா, மரியாதையாக நடத்தினார்களா என்பதை வைத்துத்தான் மக்கள் சட்டத்தை மதிப்பிடுகிறார்களாம். சிகாகோவில் கேட்டால் ஆய்வு, ஒட்டுக்கடையில் கேட்டால் புலம்பல்.

சின்ன விஷயங்களுக்கு கோர்ட்டு வராந்தாவைக் கண்டு பயந்து விட்டுவிடுகிறவர்களுக்காக இதையும் எழுதி வைக்கிறேன். ஃபிரிட்ஜ், போன், பாதியில் நின்ற வீட்டு ரிப்பேர் போன்றவற்றுக்குப் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. பதிவுக் கட்டணம் 5 வெள்ளி (ரிங்கிட்), 50,000 வெள்ளி வரை கோரலாம், லோயர் தேவையில்லை. தனி ஆளுக்கு ஆள் கொடுத்த கடனுக்கு மாஜிஸ்திரேட் கோர்ட்டிலேயே சிறு வழக்குப் பிரிவு உண்டு, 5,000 வெள்ளி வரை. வேலையிலிருந்து நியாயமில்லாமல் நிறுத்தினால் 60 நாளுக்குள் தொழிலியல் உறவுத் துறையில் மனுக் கொடுத்துவிட வேண்டும். "பேசிப் பார்ப்போம், பேசிப் பார்ப்போம்" என்று அந்த 60 நாளைத் தின்றுவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம்.

குலை வழக்குக்கு வருகிறேன். பையன் விடுதலையானதில் அவன் அம்மாவுக்கும் சந்தோஷமில்லை. "என் மகன் எடுக்கலைன்னு அந்தம்மா ஒரு வார்த்தை சொல்லலையே கிராணி" என்றார். மாஜிஸ்திரேட்டைத்தான் அந்தம்மா என்றார். அரசாங்கத் தரப்பு சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபித்ததா என்பதைத்தான் கோர்ட்டு பார்க்கும், எடுத்தானா என்று ஊருக்குச் சொல்வது அதன் வேலை இல்லை என்றேன். அந்தப் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. எனக்கும்தான்.

சில நாள் கழித்து மண்டோரும் வந்தார். அவருக்கும் அதே குறை, எதிர்ப்பக்கத்திலிருந்து. ரிப்போர்ட் கொடுத்தவர் நான்கு வாரத்துக்குப் பிறகு விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதிக் கேட்கலாம், போலீஸ் இரண்டு வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 107ஏ. லோரிக்காரர்களோடு இன்னும் சிலர் இருந்தார்கள் என்று அவர் கொடுத்த வேறொரு ரிப்போர்ட் அப்படியே கிடந்தது. அதற்குக் கடிதம் அடித்துக் கொடுத்தேன். மூன்று வரியில் பதில் வந்தது, விசாரணை நடக்கிறதென்று. மூன்று வரியானாலும் தன் பெயர் போட்டு வந்திருக்கிறது என்று ஃபைலில் கோத்து வைத்திருக்கிறார்.

பையனுக்காக லோயர், மறுபடி குற்றம் சுமத்தும் உத்தேசம் இல்லையென்றால் முழு விடுதலை கொடுக்கச் சம்மதியுங்கள் என்று டிபிபி அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை. ஜாமீன் காசு திரும்பி வந்து தாலிக்கொடி மீட்டாகிவிட்டது. கோர்ட்டு ஆணையின் சான்றிட்ட நகலை எடுத்து, செம்பனை மில்லில் வேலைக்கு மனுப் போடும்போது கேட்டால் காட்டு, கேட்காவிட்டால் நீயாக நீட்டாதே என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.